முதற் கவளம் யாருக்கு?

பசியைப் பிணியென்று அழைத்த பெருமை தமிழுக்கு உண்டு. சாத்தனாரின் மணிமேகலையில் வரும் காயசண்டிகை என்னும் வித்தியாதர மகள், முனிவர் ஒருவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் நோய்க்கு ஆளாகி, எதை உண்டும் எவ்வளவு உண்டும் அடங்காத பசியோடு 12 ஆண்டுகள் வருந்துகின்றாள். அவளைப் பெருந்தீனிக்காரி என்று காப்பியம் ஏசவில்லை. நாவை அடக்கத் தெரியாதவள் என்று பழிக்கவுமில்லை. நோயுற்றவள் என்றே கூறி, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அளித்த ஒரு பிடி உணவால் அந்நோயைத் தீர்த்து வைக்கின்றது. அந்த அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்வாரும் உளர்.

இக்கதையை வகுப்பறையில் உருக்கமாகப் பயிற்றும் நாம், பருத்த உடலோடு வீதியிற் செல்லும் ஒருவரைக் கண்டதும் காப்பியத்தை மறந்துவிடுகின்றோம். தின்று தின்று பெருத்தவர் என்பது நமது முதல் தீர்ப்பு. நீரிழிவாலும் மூட்டு நோவாலும் அல்லற்பட்டு, பத்தியமும் மருந்தும் பயன் தராத நிலையில் அவர் இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சையை நாடினால், வாயைக் கட்ட மாட்டாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவர் என்பது இரண்டாவது தீர்ப்பு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் சிறு கிண்ணத்தில் நாலு வாய் உண்டு எழுந்தாலோ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று வற்புறுத்துவோரும் அதே நாம்தாம். உண்டாலும் பழி, உண்ணாவிட்டாலும் பழி.

இச்சிகிச்சையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கத்தியைப் பற்றியே பேசுகின்றனர். கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் நடைபெற வேண்டிய வைத்தியம் அடுக்களையைச் சார்ந்தது. அங்கே யார் முதலில் உண்பது, யார் கடைசியில் உண்பது, எது யாருக்கு என்னும் பழைய ஒழுங்கு மாறாதவரை அந்தக் கத்தி செய்த வேலை நிலைக்காது என்பதே எனது துணிபு.

சிகிச்சையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி விலக்கிவிடும் முறையொன்று கையாளப்பட்டது. எடை குறைந்தது, ஆனால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டன. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1966 இல் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு புதுவழியாக இணைக்கும் முறையை வகுத்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மீண்டும் பருப்பதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீக்கி, எஞ்சியதை நீண்ட குழாய் போல விட்டுவைக்கும் முறையாகும். அவ்வாறு எஞ்சும் இரைப்பை 100 முதல் 150 மில்லிலீற்றர் வரையே கொள்ளும். சிறிய தேநீர்க் கோப்பை ஒன்றின் அளவு என்று கொள்ளலாம்.

இது வாயைக் கட்ட மாட்டாதவரின் குறுக்கு வழி அன்று. பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் சுரப்பை ஜப்பானிய அறிஞர்கள் 1999 இல் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரக்கின்றது. அப்பகுதி நீக்கப்படும்போது பசியின் வேகமும் தணிகின்றது. ஆகவே அளவிறந்த பசி என்பது ஒழுக்கக் குறைவு மட்டுமன்று, உடலின் இயக்கமும் ஆகும் என்பதை விஞ்ஞானம் இன்று ஒப்புக்கொள்கின்றது. காயசண்டிகையின் கதையைப் பாடிய புலவர் இதனை முன்னரே உணர்ந்திருந்தார் போலும்.

சிகிச்சைக்கு உரியவர் யார் என்பதற்கும் வரம்பு உண்டு. கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. அது 35 ஐ எட்டியவர்க்கு வேறு நோய் இல்லாவிடினும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022 இல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் அறிவித்தன. ஆசிய மக்களின் உடல் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆட்படுவதால், நமக்கு அவ்வரம்பு 27.5 வரை இறங்கலாம் என்றும் கூறின. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த, 150 சென்றிமீற்றர் உயரமுள்ள பெண்ணொருத்திக்கு 35 என்பது ஏறக்குறைய 79 கிலோகிராம் ஆகும்.

இனி உணவு. முதற் சில நாட்களுக்குத் தெளிந்த நீராகாரம். அதன்பின் பால், வடித்த ரசம் போன்றவை. இரண்டு வாரங்கள் அளவில் மசித்த உணவு. பின்னர் மென்மையான உணவு. ஆறு அல்லது எட்டு வாரங்களின் பின்னரே வழக்கமான உணவு. அப்போதும் அளவு சிறிதாகவே இருக்கும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் சேர வேண்டும். சேராவிடின் கொழுப்போடு தசையும் கரையும், மயிர் உதிரும். எனவே ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் உண்டு, காய்கறியை அடுத்து உண்டு, இடம் எஞ்சினால் சோற்றை உண்ண வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது; அரைமணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். நாள் முழுவதுமாக ஒன்றரை லீற்றர் நீரைச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் இருந்து உண்ண வேண்டும். இரும்புச் சத்து, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றை உயிருள்ளவரை மருந்தாகக் கொள்ள வேண்டும்.

இவ்விதிகளை ஏட்டிற் படிப்பது எளிது. அவற்றை ஒரு குறித்த மண்ணில், ஒரு குறித்த வீட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் பாரம் தெரிகின்றது. கொழும்பின் செல்வர் மனைகளை நான் எண்ணவில்லை. கண்டி மலைச்சாரலிலுள்ள ஹேவாஹெட்டப் பகுதியை எண்ணுகின்றேன். அப்பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொட்டில் அதுவே. அம்மலைகளைத் தேயிலைக் காடாக்கிய தமிழ்க் குடும்பங்கள் எதை உண்டன? கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பங்கீட்டு அரிசிச் சோறு, நீர்த்த பருப்பு, சீனி கலந்த சாயத் தண்ணீர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அதுவும் கிட்டாமல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 2016 இல் நடந்த மக்கட்தொகை சுகாதார ஆய்வில், தோட்டப்புறச் சிறுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவராகக் காணப்பட்டனர்.

பட்டினி கிடந்த மண்ணிற் பருமனைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் வினவலாம். பொருந்தும். கருவிலும் குழவிப் பருவத்திலும் ஊட்டம் குன்றிய உடல், பின்னாளில் மாச்சத்தும் சீனியும் மலிந்த உணவைப் பெறும்போது எளிதிற் கொழுப்பைச் சேர்க்கின்றது. நீரிழிவுக்கும் எளிதில் இரையாகின்றது. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் முதலிய ஆய்வாளர் இத்தொடர்பை விளக்கியிருக்கின்றனர். வளராத குழந்தையும் பருத்த தாயும் ஒரே லயத்து அறையில் வாழ்வது முரண் அன்று. வயிற்றை நிரப்பியும் உடலை ஊட்டாத ஒரே உணவின் இரண்டு விளைவுகள் அவை.

அத்தகைய தாயொருத்தி சிகிச்சை பெற்று ஹேவாஹெட்டைக்குத் திரும்பி வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை முதலில் எதிர்ப்பது நமது மொழியே. நமக்குச் சாப்பாடு என்றால் சோறு. மற்றவை யாவும் அதற்குத் தொடுகறி. தோட்டத்து வறுமையில் இவ்வழக்கு மேலும் இறுகியது; ரொட்டியே உணவு, சம்பல் அதை உள்ளே தள்ளும் துணை. புதிய விதியோ இதனைத் தலைகீழாக்குகின்றது. கறியே உணவு; சோறு அதற்குத் துணை. அதுவுமன்றி, காய்ந்த ரொட்டியும் இறுகிய சோறும் ஒடுங்கிய இரைப்பையில் எளிதில் இறங்குவதில்லை. நெஞ்சை அடைத்து, உண்டதை வெளியே தள்ளிவிடும். தாய்வீட்டு உணவே அவளுக்கு அந்நிய உணவாகின்றது.

அடுத்துத் தேநீர். உணவு முடிந்ததும் ஒரு கோப்பை என்பது அங்கே நீங்காத வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றது. இரத்தச் சோகை ஏற்கெனவே மலிந்த பெண்களிடையே, இரும்பை ஏற்கும் ஆற்றலும் சிகிச்சையால் குறைந்தவளுக்கு இது இரட்டைக் கேடு. அவள் தேநீரைத் துறக்க வேண்டியதில்லை. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விட்டாற் போதும். சீனியை விடுவது நன்று. குடலை மாற்றி இணைத்த முறையிற் சிகிச்சை பெற்றவர் சீனி மிகுந்ததை அருந்தினால், அது விரைந்து குடலில் இறங்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றிக் கிடத்திவிடும்.

மூன்றாவது இடர் பெரிபெரி. இப்பெயர் இயலாது என்று பொருள்படும் பெரி என்னும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததென்பர். தயமின் என்னும் விற்றமின் பி1 குறைவதால் வரும் நோய் இது. மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிய, புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர் என்பதை டாக்டர் பிராடன் 1907 இல் எழுதி வைத்தார். நெல்லைப் புழுக்கும் நம் முன்னோர் வழக்கம் அவர்களைக் காத்தது. தயமின் உடலிற் சில வாரங்களுக்குப் போதுமான அளவே சேமிப்பில் இருக்கும். சிகிச்சை பெற்றவர் நாட்கணக்கில் வாந்தியெடுத்தால் அது தீர்ந்துபோய், மறதியும் பார்வைத் தடுமாற்றமும் நடை தளர்வும் தோன்றலாம். ஆகவே ஓயாத வாந்தியை அறுவைக்குப் பின் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாது உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். இவ்வொன்றை மட்டுமாவது வீட்டிலுள்ள அனைவரும் மனத்திற் கொள்வார்களாக.

இவையெல்லாம் அறிவுரையால் தீரக்கூடியவை. அறிவுரையால் எளிதில் தீராத ஒன்று உண்டு. உலகெங்கும் இச்சிகிச்சை பெறுவோரிற் பெரும்பான்மையினர் பெண்கள். நம் வீட்டுப் பெண்கள் எப்போது உண்கின்றனர்? கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு, மாமனார் மாமியார் உண்டு, எல்லாரும் எழுந்த பின்னர், சட்டியின் அடியிற் கிடக்கும் சோற்றையும் குழம்பையும் பிசைந்து உண்பவள் அவள். மீன் துண்டு வேலைக்குப் போகிற ஆணுக்கு. முட்டை படிக்கிற பிள்ளைக்கு. அவளும் கொழுந்து கூடையைச் சுமந்து மலையேறியவள் என்பது அவ்வேளையில் யார் நினைவுக்கும் வருவதில்லை. எஞ்சியதை உண்பவளுக்கு எஞ்சுவது மாச்சத்தே. அவள் பருத்ததற்கும் அதுவே ஒரு காரணம். சிகிச்சைக்குப் பின் அவள் நலிவதற்கும் அதுவே காரணமாகும். முட்டையை முதலில் உண்க என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த தாள், கடைசியில் உண்பவளின் கையில் என்ன பயனைத் தரும்?

கடைசியாக உண்பதைத் தாய்மையின் தியாகம் என்று நாம் பாடிப் பழகிவிட்டோம். அவளாக விரும்பித்தானே அப்படிச் செய்கின்றாள் என்றும் சொல்வோம். மாற்று வழியே காட்டப்படாத இடத்தில் விருப்பம் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. அவள் முதலில் அமர்ந்து ஒரு முட்டையை எடுத்தால் நாலு கண்கள் அவளை நோக்குமாயின், அந்த முட்டை தொண்டையில் இறங்குமா?

ஏழைக் குடும்பம் ஒருத்திக்காக இத்தனை செலவு செய்ய இயலுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியதையும், 2023 இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு நூறு கிராமில் 24 கிராம். சோயா இறைச்சி எனப்படும் உலர் சோயா நூறு கிராமில் 50 கிராம் அளவில். உலர்ந்த நெத்தலியின் எடையிற் பாதிக்கு மேல் புரதமே. உப்பை ஊறவைத்துக் கழுவிவிட வேண்டும். இரண்டு முட்டை, 50 கிராம் பருப்பு, 30 கிராம் சோயா, 30 கிராம் நெத்தலி, ஒரு கோப்பை தயிர் ஆகியவற்றை நாள் முழுவதும் ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து உண்டால் 60 கிராம் நிறைந்துவிடும். அவள் விட்டுவிடும் ரொட்டியையும் சோற்றையும் சீனியையும் கழித்துப் பார்த்தால், உணவில் மிகும் செலவு அச்சப்படும் அளவினதன்று. குடும்பத்தைத் தடுப்பது பணம் மட்டுமன்று. பந்தியின் வரிசையும் ஆகும்.

குடும்பத்தால் இயலாதவையும் உண்டு. ஆயுள் முழுவதும் தேவைப்படும் விற்றமின்களும் இரத்தப் பரிசோதனையும் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலேயே கிடைத்தல் வேண்டும். மாதந்தோறும் நாட்சம்பளத்தை இழந்து கண்டிக்கோ பேராதனைக்கோ அலைய வைப்பது முறையன்று. உணவு அட்டவணை தமிழில், அதுவும் ரொட்டி, நெத்தலி, பருப்பு என்று தோட்டத்து உணவின் பெயர்களோடு அமைதல் வேண்டும். மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒதுங்க இடமின்மையால் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகின்றனர். ஒன்றரை லீற்றர் நீர் பருகு என்று அவர்களுக்குச் சொல்லுமுன், மலையில் ஒரு கழிவறை கட்டப்பட வேண்டும்.

இனி விருந்து. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அன்பு இலையால் அளக்கப்படுகின்றது. 'என்னா புள்ள, கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிற? ஒடம்பு தேற வேணாமா?' என்று அயல் வீட்டு அக்காள் மேலும் ஓர் அகப்பை இடுவாள். அவள் நெஞ்சிற் கபடமில்லை. ஆனால் அந்த அகப்பையால் விளைவது வாந்தியும் வலியும். அதனினும் பெரிது, இனி நான் இவர்களோடு அமர்ந்து உண்ண முடியாது என்னும் துயரம். உணவு நமக்கு ஊட்டம் மட்டுமன்று; உறவும் ஆகும். ஆகவே சிறிது உண்பவர் மெல்ல மெல்லப் பந்தியை விட்டு விலகுகின்றார். தனிமையில், துயரை ஆற்ற இனிப்பை நாடுகின்றார். காற்பந்தாட்ட வீரர் மரடோனா 2005 இல் இச்சிகிச்சையைப் பெற்று வியக்கத்தக்க அளவு மெலிந்தார். 2007 இல் மதுவின் கேட்டால் மீண்டும் வைத்தியசாலையை அடைந்தார். வயிற்றைச் சுருக்கும் கத்திக்கு மனத்தின் வெறுமை எட்டுவதில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகின்றன. அளவறிந்து உண்பவரை மதிப்பதும் விருந்தோம்பலே என்று இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கு விளங்கும். விருந்தினரின் முகம் நோக்கி உபசரிக்கத் தெரிந்த நமக்கு அவரது வயிற்றை நோக்கி உபசரிக்கத் தெரியாதா?

இதற்கு வேண்டிய பண்பு நம்மிடம் இல்லாததன்று. பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்தால் நாம் என்ன செய்கின்றோம்? அவளுக்கென்று தனிச் சட்டியிற் பத்தியக் கறி சமைக்கின்றோம். வீட்டாண்மை செய்யும் மாமியாரும் அவளுக்கு முதலில் உணவு கொடுத்துவிட்டே மற்றவரைக் கவனிக்கின்றார். கல்யாணச் சாப்பாட்டை அவள் உண்ணாததை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பத்தியம் இருப்பவளுக்கு வீடே பத்தியம் இருக்கின்றது. அந்தச் சில வாரத்துப் பண்பை ஆயுட்காலப் பண்பாக விரித்துக்கொள்வதே நாம் செய்ய வேண்டியது. வயிற்றுப் புண்ணுக்காகவோ புற்றுநோய்க்காகவோ இரைப்பையின் பகுதி நீக்கப்பட்டவர்களும் சிறிது சிறிதாக உண்டே வாழ்கின்றனர். அவர்கள்பால் இரங்கும் நாம் பருமனுக்காக அறுவை பெற்றவரை மட்டும் எள்ளுவது எவ்வகை நீதி?

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. வீட்டில் யார் முதலில் உண்பர், முட்டை யாருக்கு என்று வகுப்பில் ஒருநாள் வினவிப் பாருங்கள். மாணவர்கள் எழுதித் தரும் விடையில் ஊரின் உடல்நலக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கும். அம்மா கடைசியில் உண்பது ஏன் என்று ஒரு மாணவன் வீட்டிற் கேட்டுவிட்டால், அந்தக் கேள்வி சத்திரசிகிச்சை பெற்றவளை மட்டுமன்று, அதற்கு ஆளாகாமலே இருக்கக்கூடிய பலரையும் காக்கும். இன்று இரவு உணவுக்கு அமரும்போது, கடைசியில் உண்பவளை முதலில் அமரச் செய்யுங்கள். அவள் கிண்ணம் சிறிதாக இருக்கலாம். அதில் விழும் முதற் கவளம் வீட்டிலுள்ள நல்ல கவளமாக இருக்கட்டும். அவள் போதும் என்றால், அந்தச் சொல்லே முடிவாக இருக்கட்டும்.